வீடே பணியகமாகிய வரலாறு

கைத்தொழிற் புரட்சியின் வரலாற்றை எழுதுவோர் ஆலையின் மணியோசையை மறப்பதில்லை. தொழிலாளியைக் குறித்த நேரத்திற் குறித்த இடத்துக்கு அழைத்த அம்மணியின் ஆட்சி, காலப்போக்கில் எழுதுவினைஞரின் மேசைவரை பரவியது. இருக்கையிற் கழித்த நேரமே ஊழியரின் தகுதிக்கு அளவுகோலாயிற்று. இவ்வளவுகோலை ஏற்க மறுத்து எழுந்த நிறுவனமொன்றை மென்பொருட் தொழிலின் தொடக்க காலத்திலேயே காண்கிறோம்.

அதனைத் தோற்றுவித்தவர் ஸ்ரெபனி ஷேர்லி. 1933 இல் ஜேர்மனியின் டோட்மண்ட் நகரிற் பிறந்த இவர், நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939 இல் பிரித்தானியாவை அடைந்த அகதிச் சிறுவருள் ஒருவர். இலண்டன் டொலிஸ் ஹில்லில் இருந்த தபாற்றிணைக்கள ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவாறே, மாலை வகுப்புகளிற் பயின்று கணிதப் பட்டம் பெற்றார். கல்வியும் ஆற்றலும் இருந்தபோதும், பெண் என்ற காரணத்தாற் பதவியுயர்வின் படிகள் ஓரெல்லைக்கு அப்பால் அடைபட்டிருந்தமையை உணர்ந்தார். 1962 இல், ஆறு பவுண் முதலுடன், ‘பிரீலான்ஸ் புரோகிராமேர்ஸ்’ என்னும் கம்பனியைத் தம் இல்லத்திலேயே தொடங்கினார்.

அக்காலத்திற் கணனியை வாங்குவோருக்கு மென்பொருள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்தது. அதனைத் தனிப் பண்டமாக விற்க முனைந்தமை ஒரு புதுமை. திருமணத்தாலோ மகப்பேற்றாலோ உத்தியோகத்தை விட்டு விலகிய, பயிற்சி பெற்ற பெண்களை ஊழியராகக் கொண்டமை மற்றொரு புதுமை. இதற்கு இடமளித்தது அன்றைய தொழினுட்ப நிலையே என்பது மனங்கொள்ளத்தக்கது. கணனி அரியதாகவும் விலைமிக்கதாகவும் இருந்தமையாற் செய்நிரல்கள் முதலிற் பென்சில் கொண்டு தாளிலேயே எழுதப்பட்டன. எனவே செய்நிரலாளருக்கு ஒரு மேசையும் தொலைபேசியும் போதுமாயிருந்தன. கொன்கோட் விமானத்தின் பறப்புப் பதிகருவிக்கான செய்நிரற் பணியும் இத்தகைய பெண்களாலேயே நிறைவேற்றப்பட்டது.

எனினும், வெளியுலகு இம்முறையை எளிதில் ஏற்கவில்லை. ‘ஸ்ரெபனி’ எனக் கையொப்பமிட்ட கடிதங்களுக்குப் பதில் வராதபோது, ‘ஸ்ரீவ்’ என ஆண்பெயரிற் கையொப்பமிட்டார், பதில்கள் வரலாயின. தொலைபேசியில் உரையாடும்போது வீட்டுக் குழந்தையின் ஒலி கேளாதிருக்கத் தட்டச்சு ஒலிப்பதிவை இயக்கினார். வீட்டிற் செய்த உழைப்பை அலுவலக உழைப்பெனக் காட்டினாலன்றி அதற்கு மதிப்பில்லை என்ற நிலையை இவை உணர்த்துகின்றன.

இச்சுதந்திரத்துக்கு ஒரு விலையும் இருந்தது. ஒப்பந்த அடிப்படையில் உழைப்போருக்கு வேலை கிடைக்காத மாதத்தில் வருமானமும் இல்லை. பிள்ளைகளையுடைய பெண்களுக்கு வேலை தருதலே தொடக்க நோக்கமாயிருந்தது. வேலை கிடைத்தால் மட்டும் போதுமா, அதில் உயர்ந்து செல்லவும் வழி வேண்டாமா என்னும் வினா விரைவிலேயே எழுந்தது. தொழில்வாழ்வில் முன்னேற வாய்ப்பளித்தலே நோக்கமென அது பின்னர் திருத்தப்பட்டது. முதல் முந்நூறு ஊழியருள் மூவரே ஆண்கள். 1975 இல் நிறைவேறிய பால்வழிப் பாரபட்சத் தடைச் சட்டம் இந்நிலையை மாற்றியது. பெண்களைக் காக்க எழுந்த சட்டமே பெண்களுக்கான நிறுவனத்தின் கதவை ஆண்களுக்கும் திறந்தமை வரலாற்றின் முரண். பராமரிக்க வேண்டியோரைக் கொண்ட இருபாலாரும் இதன்பின் நிறுவனத்தின் நோக்கத்துள் அடங்கினர்.

ஊழியர் நிலையில் ஏற்பட்ட ஆழமான மாற்றம் உடைமை பற்றியது. நிறுவனத்தின் காற்பங்கு உரிமையை ஷேர்லி ஊழியருக்குத் தாமே கைமாற்றினார். 1996 இற் கம்பனி பங்குச் சந்தையில் இடம்பெற்றது. ஊழியருள் எழுபதின்மர் தலைக்குப் பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட செல்வத்துக்கு உரியவராயினர். இப்பேறு அனைவருக்கும் ஒத்த அளவிற் கிட்டியதெனக் கொள்ளல் தவறு. எனினும், உழைத்தோர் உடைமையிற் பங்குபெறலாம் என்பதை அது மெய்ப்பித்தது. 2001 இல் ‘சான்சா’ எனப் பெயர்மாறிய அக்கம்பனி 2007 இற் பிரான்சிய நிறுவனமொன்றின் வசமாயிற்று.

2020 இற் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் வீடுகள் பணியகங்களாயின. ஊழியர் எங்கிருந்து உழைப்பது என்னும் வினாவே அப்போது பெரிதும் பேசப்பட்டது. ஷேர்லியின் நிறுவனம் அவ்வினாவுக்கு 1962 இலேயே விடை கண்டுவிட்டது. வேலையற்ற காலத்தின் இழப்பை யார் சுமப்பது, விளைந்த ஆதாயத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வினாக்களுக்கு விடை காணவோ அதற்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன. மென்பொருட் துறையை நாடும் மாணவர், ஒரு நிறுவனத்தின் பணிப்பண்பாட்டை எடைபோடும்போது முதலிற் கேட்கவேண்டியவை இவ்விரு வினாக்களேயாம்.