முந்தி வரும் மன்னிப்பு: கார்த்தேஜ் திருச்சபையும் விழுந்தவர்களின் ஒப்புரவும்

பாவத்தை மன்னிக்க வல்லவர் கடவுள் என்பதில் கிறிஸ்தவ மரபுக்குள் எக்காலத்திலும் ஐயம் எழுந்ததில்லை. கருத்து வேற்றுமையெல்லாம் அந்த மன்னிப்பு எப்போது, எந்த வழியாக மனிதனை வந்தடைகிறது என்பதில்தான். அழுது, நோன்பிருந்து, தவத்தை முடித்துத் தகுதி பெற்றவனுக்குக் கடைசியில் கிடைக்கும் பரிசா அது? அல்லது அவன் திரும்பி நடப்பதற்கே முதலில் தேவைப்படும் பலமா? இந்தக் கேள்வி ஏட்டில் பிறந்ததன்று. கி.பி. 250இல் பேரரசின் ஆணைக்கு அஞ்சித் திரளான கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை மறுதலித்தார்கள். ஆபத்து தணிந்ததும் சபையின் வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் திருச்சபை 251இல் ஒரு முடிவு எடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அதையே மாற்றிக்கொண்டது. கண்டிப்பு தளர்ந்துபோன கதையாக அதைப் பலர் வாசிக்கிறார்கள். மன்னிப்பு முந்துகிறது, மனமாற்றம் அதை உண்டு வளர்கிறது என்னும் நற்செய்தியின் வரிசையை ஒரு திருச்சபை நெருக்கடியின் நடுவில் கண்டுகொண்டதையே நான் அந்த மாற்றத்தில் பார்க்கிறேன்.

பேரரசன் தேசியுஸ் பிறப்பித்த ஆணை எளிமையானது. குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்குச் சான்றுச் சீட்டுப் பெற வேண்டும். அத்தகைய பாப்பிரஸ் சீட்டுகள் 40க்கும் மேல் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. விண்ணப்பதாரர் பெயர், தந்தை பெயர், ஊர். தாம் என்றும் தெய்வங்களை வணங்கி வந்ததாகவும், இப்போது அதிகாரிகள் கண்முன் பலியிட்டு, பானம் ஊற்றி, படையலைச் சுவைத்ததாகவும் ஒரு வாக்குமூலம். கீழே சாட்சிக் கையொப்பம். 72 வயதான ஒருவருடைய சீட்டில் வலப் புருவத்துத் தழும்புகூட அடையாளமாக எழுதப்பட்டிருக்கிறது. சீட்டு வாங்கியவர் எல்லாரும் கிறிஸ்தவர் அல்லர். பழைய தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் வாங்கியிருக்கிறாள். ஆனால் கிறிஸ்தவர் ஒருவருக்கு அந்தச் சில வரிகள் திருமுழுக்கில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதாகும். சிலர் பலியிட்டார்கள், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள், வேறு சிலர் பலியிடாமல் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். மறுத்தவர்கள் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் சாவுக்கும் போனார்கள். ரோமாபுரியின் ஆயர் ஃபேபியன் 250 ஜனவரியிலேயே உயிர்துறந்தார்.

மறுதலித்து விழுந்தவர்களுக்கு முதலில் கை நீட்டியவர்கள் சிறையில் துன்பம் தாங்கிய சாட்சிகள். அவர்களுடைய பரிந்துரைச் சீட்டைக் கொண்டுவந்தால் உடனே நற்கருணைப் பந்தியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு சாரார் வாதாடினார்கள். தலைமறைவாக இருந்தபடியே மடல்களால் சபையை நடத்திவந்த கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் இதை எதிர்த்தார். இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் ஏற்றுக்கொள்க என்று ஆள் குறிப்பிடாமல் எழுதப்பட்ட சீட்டுகளைத் தம் 15ஆம் மடலில் அவர் கடிந்துகொள்கிறார். உறவினர், விடுதலை பெற்ற அடிமைகள், வீட்டார் என்று ஒரே சீட்டைக் காட்டி இருபது முப்பது பேர் வந்து நிற்கலாமே என்பது அவர் கவலை. பதவிப் போட்டியின் வாடை இதில் அடிக்கிறது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் முற்றிலும் தவறு சொல்லவில்லை. சாட்சிகளின் செல்வாக்கு ஆயரின் அதிகாரத்தை அசைத்தது உண்மைதான். ஆனாலும் அவர் எதிர்ப்பில் பதவியைக் கடந்த ஒரு கருத்து இருக்கிறது. முகம் தெரியாத ஒருவனுக்கு மொத்தமாக வழங்கப்படும் மன்னிப்பு, அவனை யாரோடும் மீண்டும் சேர்த்துவைப்பதில்லை. பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, தன் செயலைத் தன் வாயால் ஒத்துக்கொண்டு, தான் விட்டுப்போனவர்களின் நடுவே ஒருவன் வந்து நிற்பதுதான் ஒப்புரவு.

எதிர்முனையில் நின்றவர் ரோமாபுரி மூப்பர் நொவாசியான். 251இல் கொர்னேலியுஸ் ஆயரானபோது அவருக்கு எதிராகத் தாமும் ஆயராகத் திருநிலை பெற்றுத் தனிச் சபை கண்டவர். அவரை ஈவிரக்கமற்றவராக வரைந்துவிடுவது எளிது, அது நியாயமாகாது. விழுந்தவர்களைக் கடவுள் மன்னிக்கமாட்டார் என்று அவர் தரப்பு சொல்லவில்லை. அவர்கள் சாகும்வரை தவம் செய்யட்டும், தீர்ப்பைக் கடவுளிடம் விடுவோம், அவருடைய உரிமையில் திருச்சபை கைவைக்கக் கூடாது என்பதே அதன் நிலை. பக்தியான பேச்சுதான். மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரனின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இயேசு அறிவித்தபோது மறைநூல் அறிஞர்கள் மனத்துக்குள் எழுப்பிய தடையும் இதுவேதான். கடவுள் ஒருவர் மட்டுமே செய்யக்கூடியதை மனிதன் எப்படிச் செய்யலாம் என்றார்கள். அக்கதையில் இயேசு தரும் விடையை நாம் கவனிக்க வேண்டும். மன்னிப்பு கடவுளுடையதல்ல என்று அவர் சொல்லவில்லை. அது விண்ணில் தங்கிவிடுவதில்லை, மண்ணுலகிலேயே வழங்கப்படுகிறது என்கிறார். கட்டிலில் கிடந்தவனை எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்கிறார். நால்வர் சுமந்து வந்தவன் தானே நடக்கிறான். மன்னிப்புக்கு முன்னால் அவனிடம் எந்தத் தவமும் கேட்கப்படவில்லை. அவனைத் தூக்கி வந்தவர்களின் விசுவாசமே பேசப்படுகிறது.

நொவாசியானின் தருக்கத்தில் உள்ள ஓட்டையைச் சிப்ரியான் 55ஆம் மடலில் தொட்டுக்காட்டுகிறார். தவம் செய் என்று ஏவிவிட்டு, தவத்தின் பலன் உனக்கு இங்கே இல்லை என்பது, உழவனிடம் நிலத்தை நன்றாக உழு, ஆனால் அறுவடைக்கு வராதே என்பது போல என்கிறார். இந்த வாதத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். நம்பிக்கை அறுந்த இடத்தில் மனமாற்றமே நின்றுபோகும். கடவுள் மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம், நாங்கள் உன்னோடு உண்ணமாட்டோம் என்று ஆயுள் முழுதும் கேட்கும் ஒருவனுக்குத் தன்னைப் பற்றிய தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அவன் பழைய பலிபீடத்துக்கே போய்விடுவதற்கான வழியைத்தான் அது திறந்துவிடுகிறது.

ஆனால் 251இல் சிப்ரியானும் பாதி வழியில்தான் நின்றார். அந்த ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், சீட்டு மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் தவத்தில் நிலைத்திருந்தால் மரணப் படுக்கையில் ஒப்புரவு பெறலாம் என்று முடிவு செய்தார்கள். அலெக்சாந்திரியாவிலும் இதையொத்த நடைமுறை இருந்தது. நொவாசியான் பக்கம் சாய்ந்திருந்த அந்தியோக்கியா ஆயருக்கு அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ் எழுதிய மடல் யூசேபியுஸின் வரலாற்று நூலில் காக்கப்பட்டிருக்கிறது. செராப்பியோன் என்னும் முதியவர் நெடுங்காலம் குறையின்றி வாழ்ந்து, சோதனையில் விழுந்தவர். பலமுறை கெஞ்சியும் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்று நாள் பேச்சின்றிக் கிடந்து, நான்காம் நாள் சற்றே நினைவு தெளிந்ததும், பேரனை அனுப்பி மூப்பரை அழைத்தார். இரவு வேளை, மூப்பரும் நோயில் படுத்திருந்தார். அவர் நற்கருணையில் சிறு துண்டைப் பையனிடமே கொடுத்து, நனைத்துத் தாத்தாவின் வாயில் இடச் சொல்லியனுப்பினார். அதைப் பெற்ற பிறகே முதியவர் கண்மூடினார். அவர் உயிர் அதற்காகவே பிடித்து வைக்கப்பட்டிருந்தது என்று தியோனிசியுஸ் கருதுகிறார். இம்மடல் நெஞ்சைத் தொடுகிறது. கூடவே ஒரு குறையையும் காட்டிவிடுகிறது. சாவின் வாசலில் தரத்தக்க மன்னிப்பு வாழும்போது ஏன் தரத்தகாததாக இருந்தது?

விடை 252 அல்லது 253இல் வந்தது. புதிய துன்புறுத்தல் நெருங்குவதாகத் தோன்றிய நேரத்தில் 40க்கும் மேற்பட்ட ஆயர்கள் கார்த்தேஜில் கூடி, தவத்தில் நிலைத்திருந்த எல்லாருக்கும் உடனே ஒப்புரவு அளிக்கத் தீர்மானித்தார்கள். 57ஆம் மடலாகக் கிடைக்கும் அத்தீர்மானம் சொல்லும் காரணம் வியப்புக்குரியது. கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்த வாருங்கள் என்று இவர்களை அழைக்கப்போகிறோம். கிறிஸ்துவின் இரத்தமாகிய கிண்ணத்தை அவர்களுக்கு மறுத்துவிட்டு அந்த அழைப்பை எப்படி விடுப்பது என்று ஆயர்கள் கேட்கிறார்கள். பந்தியில் உண்டு பலம் பெறாதவன் போர்க்களத்தில் நிற்கமாட்டான் என்கிறார்கள். அதுவரை, உறுதியாக நின்று காட்டு, பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்றிருந்த வரிசை இங்கே தலைகீழாகிறது. நம்பகமானவன் என்று மெய்ப்பித்தவனுக்குத் தரும் சான்றிதழாக இருந்த மன்னிப்பு, நம்பகமானவனாக அவனை ஆக்கும் கொடையாகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. தவத்தால் கடவுளுக்கு ஈடு செய்ய வேண்டும் என்ற பேச்சு சிப்ரியானின் எழுத்து முழுவதும் இருக்கிறதே, மன்னிப்பைச் சம்பாதிக்கும் கொள்கைக்கு வித்திட்டவரே அவர்தானே என்று கேட்கலாம். அந்தச் சொல்வழக்கு அவரிடம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அது வளர்ந்து தந்த தீங்கும் சிறிதன்று. ஆனால் தாம் வகுத்த கோட்பாட்டைக் காட்டிலும் தம் மந்தையின் தேவைக்கு அவர் செவிகொடுத்தார். 57ஆம் மடலின் நியாயம் ஈடு என்னும் கணக்கிலிருந்து வரவில்லை. இதைவிடக் கனமான மறுப்பு, முந்தி வரும் மன்னிப்பு பாவத்தை மலிவாக்கிவிடாதா என்பது. மத்தேயு 18இல் வரும் பணியாள் உவமையே இதற்கு விடை. பத்தாயிரம் தாலந்துக் கடன் எந்த நிபந்தனையுமின்றித் தள்ளுபடியாகிறது. ஆனால் நூறு தெனாரியத்துக்காக உடன் பணியாளின் கழுத்தை அவன் நெரித்தபோது தள்ளுபடி ரத்தாகிறது. மன்னிப்பு விலையின்றி வந்ததால் அது கேட்பது குறைந்துவிடவில்லை. சக்கேயுவின் வீட்டுக்கு இயேசு விருந்தாளியாகப் போனது முதலில். ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்றது பிறகு. இழந்தவருக்கு நீதி கிடைத்தது அந்த வரிசையால்தான்.

கார்த்தேஜ் சிறையிலிருந்த சாட்சி லூசியானுக்கு ரோமாபுரியிலிருந்து, அவரைப் போன்ற சாட்சியான செலெரினுஸ் எழுதிய மடலும் இதையே காட்டுகிறது. விழுந்த சகோதரிகள் இருவருக்காக அவர் மன்றாடுகிறார். ஒருத்தி பலியிடாமலிருக்கப் பணம் கொடுத்து, பலியிடும் இடத்துக்குப் பாதி வழி ஏறித் திரும்பியவள். இன்னும் ஒப்புரவு பெறாத அவர்கள், கார்த்தேஜிலிருந்து வந்திறங்கிய 65 பேரைத் துறைமுகத்துக்கே போய் எதிர்கொண்டு அழைத்துவந்து பராமரிக்கிறார்கள் என்கிறார். தங்களை யாரோ கைவிடாமல் நினைக்கிறார்கள் என்ற உறுதியில்தான் அந்தப் பணிவிடை நடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். சபை அவர்களை முழுதாக ஏற்காதபோதும், அழுது மடல் எழுத ஒருவர் இருந்தார்.

பிற்காலத்தில் திருச்சபை எத்தனையோ விதங்களில் பிளவுபட்டும், விழுந்து மனந்திரும்பியவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற இந்த ஒன்றில் பெரும்பாலும் உடன்பட்டது. ஆயர்களின் அதிகாரத்தோடு மோதிய லூத்தரன் தரப்புகூட 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 12ஆம் பிரிவில் நொவாசியான் வழியினரைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. அதற்கு வெகு முன்பே, 325இல் கூடிய நிக்கேயா பொதுச்சங்கம், திரும்பிவர விரும்பிய நொவாசியான் சபைக் குருக்களுக்குத் தன் எட்டாம் விதியில் வழி வகுத்தது. அவர்களுடைய மூவொரு கடவுள் கோட்பாட்டில் பிழை இல்லை. அதைத் திருத்தும்படி சங்கம் கேட்கவில்லை. இரண்டாம் மணம் புரிந்தவர்களோடும், துன்புறுத்தலில் விழுந்து எழுந்தவர்களோடும் உறவு கொள்வோம் என்று கைப்பட எழுதித் தரச் சொன்னது.