கன்ஹேரி: மும்பைக்குள் ஆயிரம் ஆண்டு மக்கள் வாழ்ந்த மலைக்குடியிருப்பு. போனால் எதைப் பார்ப்பது?

அணுசக்தி நகரில் இருக்கிறீர்களா? ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களை ஒருமுறையாவது எலிபெண்டாவுக்குக் கூட்டிப்போயிருப்பீர்கள். அது கும்பிட வெட்டிய குகை. மும்பையில் குடியிருக்க வெட்டிய குகைகளும் உண்டு. போரிவலியில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரிதான் அது.

கறுத்த எரிமலைப் பாறையில் 100-க்கும் மேற்பட்ட குகைகள். பொது ஆண்டுக்கு முன் முதல் நூற்றாண்டு வாக்கில் வெட்டத் தொடங்கி, சுமார் ஆயிரம் ஆண்டுகள் பௌத்த பிக்குகள் இங்கே வாழ்ந்தார்கள். வந்தவர்களில் பலர் 3-ஆம் எண் குகையில் 20 அடிக்கும் உயரமான புத்தர் சிலைகள் முன் செல்ஃபி எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தக் குகை அருமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது அங்குள்ள வழிபாட்டுக்கூடம் மட்டும். ஊர் அதற்கு மேலேதான் இருக்கிறது. பாறையிலேயே வெட்டிய படிகளில் ஏறுங்கள்.

மதுரைப் பக்கத்துச் சமணர் குகைகளைப் பார்த்திருந்தால் ஒரு வித்தியாசம் சட்டென்று தெரியும். அங்கே இயற்கையான குகைத்தளம்; அதில் கற்படுக்கை செதுக்கி, மழைநீர் உள்ளே வடியாமல் மேலே காடி வெட்டியிருப்பார்கள். இங்கே வீட்டையே பாறையிலிருந்து குடைந்தெடுத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு திண்ணை, உள்ளே சின்ன அறை, படுக்கக் கல்மேடை. கிட்டத்தட்ட நம்ம குவார்ட்டர்ஸ் மாதிரிதான். 11-ஆம் எண் குகை பொதுக்கூடம். வரிசையாக உட்கார நீளமான தாழ்ந்த கல்மேடைகள் இருக்கின்றன. இறந்த பிக்குகளுக்குச் செங்கல் ஸ்தூபிகள் எழுப்பிய இடம்கூடத் தனியாக உண்டு.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

நான்கு மாதம் கொட்டும் மழை, எட்டு மாதம் வறட்சி. இந்த மலையில் ஆண்டு முழுக்க எப்படி இருந்திருப்பார்கள்? பதில் குகை வாசல்களிலேயே இருக்கிறது. முற்றத்துக்குப் பக்கத்தில் தரையில் சதுரமான திறப்பு தெரிகிறதா? அது தொட்டி. பாறைச் சரிவில் விழும் மழையைக் கால்வாய் வெட்டித் திருப்பி அதில் சேமித்தார்கள். நம்ம ஊரில் மழைநீர் சேகரிப்புக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, 1860-இல், பம்பாய்க்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்க விஹார் ஏரி கட்டப்பட்டதும் இதே மலைத்தொடரில்தான்.

செலவை யார் ஏற்றார்கள்?

இதற்குக் கல்வெட்டுகள் இருக்கின்றன. படிக்கக்கூடிய நிலையில் உள்ளவை 50-க்கும் மேல். ஒரு தொட்டி, சாதவாகன அரசன் வாசிஷ்டிபுத்திர சதகர்ணியின் ராணியோடு தொடர்புடையது. இன்னொரு தொட்டியைக் கொடுத்தவர் கல்யாணைச் சேர்ந்த ஒரு பொற்கொல்லர். சோபாரா, சௌல் துறைமுக வணிகர்களும் கொடையாளர் பட்டியலில் உண்டு. சிலர் பணத்தைக் குலையாத முதலாகப் போட்டு, வட்டியில் பிக்குகளுக்குத் துணியும் செருப்பும் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். இன்றைய மொழியில் ஃபிக்ஸட் டெபாசிட். 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூடர் அமோகவர்ஷன் காலத்தில், வங்கத்தின் கௌட தேசத்துக்காரர் ஒருவர் 100 திரம்மம் கொடுத்திருக்கிறார். மங்கலஸ்தானம் என்ற ஊரின் நிலமும் கொடையாக வந்தது. அது இன்றைய மாகாடாணே என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆமாம், மெட்ரோ ஸ்டேஷன் பெயரில் இருக்கும் அதே மாகாடாணே!

கடைசியாக 90-ஆம் எண் குகை. 1009, 1021 ஆகிய ஆண்டுகளில் வந்துபோன பார்சிகள் பஹ்லவி மொழியில் தங்கள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். அப்போதே டூரிஸ்ட் வரத் தொடங்கிவிட்டார்கள் போல.

இன்று மலையில் யார் குடியிருக்கிறார்கள்?

பூங்கா எல்லைக்குள் வார்லி உள்ளிட்ட ஆதிவாசிகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆக்கிரமிப்புகளை அகற்ற 1997-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடிசைவாசிகளில் தகுதி பெற்றவர்களுக்குச் சாந்திவலியில் மாற்று வீடு தரப்பட்டது. காட்டையே நம்பி வாழும் ஆதிவாசிகளையும் அதே கணக்கில் சேர்ப்பதா என்ற வழக்கும் வாதமும் நீண்டுகொண்டே போகிறது. குகைக்குப் போகும் வழியில் தெரியும் வீடுகளை இந்தப் பின்னணியோடு பாருங்கள்.

எப்படிப் போவது?

மான்குர்தில் ஹார்பர் ரயில் ஏறி குர்லா, அங்கிருந்து தாதர், பிறகு வெஸ்டர்ன் லைனில் போரிவலி. கிழக்குப் பக்கம் இறங்கினால் பூங்கா வாசல் நடக்கும் தூரம்தான். வாசலிலிருந்து குகைகள் 6 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, ஆகவே பூங்கா பஸ்ஸைப் பிடியுங்கள். பூங்காவுக்கு ஒரு டிக்கெட், குகைகளுக்குத் தொல்லியல் துறையின் தனி டிக்கெட். திங்கள்கிழமை விடுமுறை. தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்க ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான நேரம். அப்போது பாறை வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும்.