மார்ஷல் தீவுகள் இந்தியா மீது வழக்குப் போட்டது ஏன்? 67 அணுகுண்டுச் சோதனைகளின் கதை

பசிபிக் பெருங்கடலில் இருக்கும் குட்டி நாடு மார்ஷல் தீவுகள். சொந்தமாக ராணுவம்கூடக் கிடையாது. அந்த நாடு 2014 ஏப்ரலில், அணு ஆயுதம் வைத்திருக்கும் 9 நாடுகள் மீதும் தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் மனு போட்டது. அந்த 9-ல் இந்தியாவும் ஒன்று.

'நமக்கும் அவங்களுக்கும் என்னங்க பிரச்னை?' என்று தோன்றலாம். அதற்கு 1946-க்குப் போக வேண்டும்.

என்ன நடந்தது?

அந்த ஆண்டு, அணுகுண்டுச் சோதனைக்காக பிகினி பவளத்தீவைத் தேர்ந்தெடுத்தது அமெரிக்கா. அங்கே வாழ்ந்த 167 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சோதனை முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் கிளம்பினார்கள். 1958 வரை பிகினி, எனிவெட்டாக் பகுதிகளில் 67 குண்டுகள் வெடிக்கப்பட்டன. மொத்த ஆற்றல் சுமார் 108 மெகாடன். ஹிரோஷிமா குண்டு 15 கிலோடன்தான். கணக்குப் போட்டால், 12 வருஷமும் தினமும் ஒன்றரை ஹிரோஷிமாவுக்கு மேல் வருகிறது.

'பிராவோ' ஏன் முக்கியம்?

1954 மார்ச் 1-ல் வெடித்த ஹைட்ரஜன் குண்டு இது. எதிர்பார்த்தது சுமார் 6 மெகாடன், வெடித்தது 15. வினையில் பங்கெடுக்காது என்று நினைத்த லித்தியம்-7 பங்கெடுத்ததுதான் காரணம். கதிரியக்கச் சாம்பல் ரோங்கலாப் தீவில் வெள்ளைப் பொடியாக விழுந்தது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். வாந்தி, தோல் புண் என்று ஆரம்பித்தது. இரண்டு நாள் கழித்துத்தான் மக்களை மீட்டார்கள். அருகே போன ஜப்பான் மீன்பிடிப் படகில் இருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டனர். ஒருவர் செப்டம்பரில் இறந்தார்.

அடுத்த மாதமே, ஏப்ரல் 2-ல், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று மக்களவையில் குரல் கொடுத்தார் பிரதமர் நேரு.

திரும்பிப் போக முடிந்ததா?

ரோங்கலாப் மக்கள் 1957-ல் திரும்பினார்கள். தைராய்டு கட்டிகள் வரத் தொடங்கின. 1985-ல் மறுபடியும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். பிகினிக்கு 1970-களில் திரும்பிய குடும்பங்களும் 1978-ல் வெளியேற்றப்பட்டன. பவளமண்ணில் பொட்டாசியம் குறைவு. அதனால் தென்னை, அதே குணமுள்ள சீசியம்-137-ஐ உறிஞ்சிக்கொள்கிறது. அந்தத் தேங்காயைத்தான் மக்கள் சாப்பிட்டார்கள். சீசியத்தின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 30 வருஷம் ஆகும்.

இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழங்கச் சொன்னது 200 கோடி டாலருக்கும் மேல். அமெரிக்கா ஒதுக்கிய நிதியோ 15 கோடி டாலர்.

சரி, இந்தியா மீது ஏன்?

வழக்கு இழப்பீடு கேட்டு அல்ல. ஆயுதக் குறைப்புப் பேச்சுவார்த்தையை நேர்மையாக நடத்த வேண்டிய கடமை எல்லா அணு ஆயுத நாடுகளுக்கும் உண்டு. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத இந்தியாவுக்கும் உண்டு என்பதே வாதம். நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்றிருந்த இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மீதான வழக்குகள் மட்டுமே விசாரணைக்கு வந்தன.

வாதாட வந்தவர்களில் ஒருவர் டோனி டி ப்ரம். பிராவோ வெடித்தபோது அவருக்கு 9 வயது. தாத்தாவோடு மீன்பிடிக்கப் போன இடத்தில் வானம் சிவந்ததைப் பார்த்தவர்.

2016 அக்டோபர் 5-ல் இந்தியா மீதான வழக்கு 9-7 என்ற கணக்கில் தள்ளுபடி ஆனது. மனு போட்டபோது இரு நாடுகளுக்கும் இடையே 'தகராறு' எதுவும் இல்லை, எனவே விசாரிக்க அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். கடமை உண்டா, இல்லையா என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

பிகினி மக்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை.