கட்டாயமில்லாத மண்வெட்டி

மாணவர்களைக் குழுவாகத் திரட்டி ஊர்ப்பணிக்கு அனுப்பலாம் என்பதில் டெல்லிக்கு என்றுமே ஐயமில்லை. கட்டாயப்படுத்தலாமா என்பதில்தான் இழுபறி. 1950-இல் மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு, விருப்பம் உள்ளவர்கள் வரட்டும் என்றது. 1959-இல் சி.டி.தேஷ்முக் குழுவோ, பட்டப்படிப்புக்கு முன் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயச் சேவை வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்த அப்பா சம்மதித்திருப்பார்? செலவும் பயமுறுத்தியது.

கடைசியில் விருப்பமே வென்றது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. இரண்டாண்டில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் சிறப்பு முகாம்: 'என்.எஸ்.எஸ்.' என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது முகாம்தான்.

சென்னையின் மேற்குப் புறத்தில் அந்தக் 'கிராமம்' என்ற சொல்லே நழுவிவிட்டது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. இங்கே கிணறும் வரப்பும் போய், கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளில் கலக்கும் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் பிரச்சினைகளாகிவிட்டன. மண்வெட்டி பிடித்தால் மட்டும் இவை தீராது. மாநகராட்சிக்கு மனு எழுதவும் மாணவர்கள் கற்க வேண்டியிருக்கிறது.