கனி தொங்கிய மரமும் கண்ணாடிக் கோளமும்

நத்தார்க் காலம் வந்ததும் உலகின் பல நாடுகளிலே வீடுதோறும் ஒரு மரம் எழுந்து நிற்கின்றது. அதன் கிளைகளிலே கண்ணாடிக் கோளங்கள் ஒளிர்கின்றன. மரத்தாற் செய்த சிறு உருவங்கள் அசைந்தாடுகின்றன. வெள்ளி இழைகள் மின்னுகின்றன. காண்போர் கண்ணுக்கு அது செல்வத்தின் கோலமாகவே தோன்றும். ஆயினும் அக்கோலத்தின் வரலாற்றைத் தேடிச் செல்வோரை அது ஜேர்மனி நாட்டு மலைக்கிராமங்களுக்கு அழைத்துச் சென்று, ஏழைத் தொழிலாளரின் அடுக்களை வாயிலிலே நிறுத்திவிடுகின்றது.

இன்று நத்தார் மரத்திலே தொங்குவன பெரும்பாலும் பார்ப்பதற்கே உரியவை. ஆதியிலே அங்ஙனம் இருக்கவில்லை. றைன் நதிக்கரையை அடுத்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தைப் பற்றி 1605ஆம் ஆண்டில் எழுதப்பட்ட குறிப்பொன்று, அந்நகர மக்கள் நத்தார்க் காலத்தில் தம் வீட்டு அறைகளிலே ஊசியிலை மரங்களை நிறுத்தினர் என்றும், பல வண்ணக் கடதாசி ரோசாக்கள், அப்பிள் பழங்கள், மெல்லிய மாத்தகடுகள், பொன்னிறத் தகடுகள், இனிப்புகள் ஆகியவற்றை அவற்றிலே தொங்கவிட்டனர் என்றும் கூறுகின்றது. டிசெம்பர் 24ஆம் நாள் ஆதாம் ஏவாளின் திருநாளாகவும் கொள்ளப்பட்டது. அந்நாளில் நடிக்கப்பெற்ற சமய நாடகங்களிலே ஏதேன் தோட்டத்து மரத்தைக் குறிக்கப் பசுமரம் ஒன்றில் அப்பிள் பழங்களைக் கட்டுவது வழக்கம். அவ்வழக்கமே பின்னர் வீட்டினுள் புகுந்தது என்பர். மாத்தகடுகள் திருவிருந்தின் அப்பத்தை நினைவூட்டின.

ஆகவே முதலில் அணியும் உணவும் ஒன்றாகவே இருந்தன. பழமும் பாக்குவெட்டியாற் பிளக்கத்தக்க கொட்டைகளும் வீட்டிலே சுட்ட பணியாரமும் சில நாள் கண்ணுக்கு விருந்தளித்தன. தை மாதம் 6ஆம் நாளாகிய மூவிராசாக்கள் திருநாளையொட்டி வீட்டுப் பிள்ளைகள் மரத்தைச் சூழ்ந்து நின்று, அதிலுள்ளவற்றைப் பறித்து உண்டனர். 'மரத்தைக் கொள்ளையிடுதல்' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. தாய் செய்தது பிள்ளையின் வாய்க்குச் சென்றது. செய்தவர் யார், துய்ப்பவர் யார் என்ற பிரிவு அங்கே இருக்கவில்லை.

அவ்வாறு செய்யப்பட்ட பணியாரங்களுட் புகழ்பெற்றது நூரெம்பேர்க் நகரத்து லேப்குக்கன். அந்நகரிலே லேப்குக்கன் சுடுவோர் இருந்தமைக்கு 1395ஆம் ஆண்டிலேயே சான்று உண்டு. 1643இல் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் ஒன்றை அமைத்துக்கொண்டனர். அயலிலிருந்த பேரரசுக் காடுகளிலே தேன் மிகுதியாகக் கிடைத்தது. வெனிசு நகரத்தோடு நடந்த வணிகத்தால் கறுவா, கராம்பு, ஏலம் முதலிய வாசனைச் சரக்குகளும் அங்கு வந்து குவிந்தன. தேனும் கொட்டைப் பருப்பும் சரக்கும் சேர்ந்த மாவை மெல்லிய மாத்தகட்டின்மீது வைத்துச் சுட்டனர். மாவு தட்டிலே ஒட்டாதிருப்பதற்கு அது உதவிற்று.

ஈண்டு நேயர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளலாம். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபிய யாத்திரிகர் இபுன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்திலே கண்டார். அக்கரையோரத்தில், ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததை அவர் தம் நூலிலே குறித்திருக்கின்றார். ஈழத்துக் கறுவா அராபியக் கலங்களில் ஏறி, வெனிசு வணிகரின் கைமாறி ஐரோப்பிய அடுக்களைகளை அடைந்த காலம் அது. வடநாட்டுப் பனிக்காலப் பணியாரத்தின் மணத்திலே நம் நாட்டு மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு.

சக்சனி நாட்டின் தலைநகராகிய டிரெஸ்டனின் நத்தார்ப் பணியாரம் ஸ்டொலன் எனப்படும். முந்திரிகை வற்றலும் வாதுமைப் பருப்பும் வெண்ணெயும் நிறைந்து, மேலே சீனித்தூள் பனிபோலப் படர்ந்த பாண் அது. பழைய நாளிலே அதற்கு அத்துணைச் சுவை இருக்கவில்லை. நத்தாருக்கு முந்திய வாரங்கள் நோன்புக் காலமாதலால், அக்காலத்தில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தது. ஒலிவ மரம் வளராத அக்குளிர்நாட்டு மக்கள், நாற்றமடிக்கும் விதையெண்ணெயைக் கொண்டே மாப்பிசைந்தனர். சக்சனி ஆள்வோர் உரோமாபுரிக்கு முறையிட்டனர். 1491இல் பாப்பரசர் எட்டாம் இன்னொசென்ற் வெண்ணெய் சேர்க்க அனுமதி வழங்கினார். 'வெண்ணெய்க் கடிதம்' என அது பெயர் பெற்றது. ஆயினும் அது இலவசமாகக் கிடைக்கவில்லை. வெண்ணெய் உண்போர் பணம் செலுத்துதல் வேண்டும். அப்பணம் பிரைபேர்க் நகரப் பேராலயத்தின் கட்டட வேலைக்கு உதவிற்று. இவ்வாறு நோன்பின் தளர்வு விலைப்படுவதை 1520இல் மார்ட்டின் லூதர் கடுமையாகக் கண்டித்தார். வீட்டுப் பணியாரம் ஒன்றிலே சிறிது வெண்ணெய் சேர்ப்பது கூட ஒரு காலத்தில் வழக்காடிப் பெற்ற உரிமையாய் இருந்தது.

ஸ்டொலன் என்னும் சொல்லுக்குச் சுரங்க வழி என்றும் பொருள் உண்டு. சக்சனி நாட்டின் தெற்கெல்லையிலே 'கனிமலை' எனப் பொருள்படும் ஏர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடர் அமைந்துள்ளது. 1168ஆம் ஆண்டில் பிரைபேர்க்கின் அருகே வெள்ளி காணப்பட்ட பின்னர், நூற்றாண்டுக் கணக்காக அம்மலைகளின் வயிற்றைக் குடைந்து மக்கள் பிழைத்தனர். மாரிக்காலத்தில் சுரங்கத் தொழிலாளி விடியுமுன் நிலத்தினுள் இறங்கி, இருட்டிய பின்னரே மேலே வருவான். பல நாள் அவன் சூரியனைக் காண்பதில்லை. ஆதலால் அம்மக்களுக்கு விளக்கொளி வெறும் அலங்காரமாய் இருக்கவில்லை. நத்தார்க் காலத்தில் யன்னல்தோறும் மெழுகுதிரி ஏற்றினர். ஆண்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளி உருவமும், பெண்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு தேவதூதர் உருவமும் மரத்தாற் செய்து, திரி தாங்க வைத்தனர்.

காலப்போக்கிற் கனி வளம் குன்றிற்று. வெள்ளீயம் எடுத்த சைபன் என்னும் ஊரிலே 1849இல் சுரங்கத் தொழில் முற்றாக நின்றது. அதற்கு முன்னரே அவ்வூரார் மரங்கடையும் தொழிலைக் கைக்கொண்டிருந்தனர். இப்போது அதுவே அவர்தம் வாழ்வாயிற்று. அவர்களது வினைத்திறன் வியத்தற்குரியது. ஈரம் உலராத மரத்துண்டைக் கடைசற் பொறியிலே சுழலவிட்டு, ஒரு வளையமாகக் கடைவர். கடையும்போது அதில் எவ்வுருவமும் தெரியாது. வளையத்தைப் பணியாரத் துண்டுகள்போலக் கீறிப் பிளந்தால், வெட்டுமுகத்திலே குதிரையோ பசுவோ ஆடோ தோன்றும். அதன்பின் வேலை வீட்டினுள்ளே செல்லும். மனைவி ஓரங்களைச் செதுக்குவாள். காதும் வாலும் ஒட்டப்படும். சிறுபிள்ளைகள் நிறம் தீட்டுவர். நோவாவின் பேழையும் அதனுள் அடங்கிய விலங்குகளும் இங்ஙனம் உருவாகிக் கடல் கடந்து சென்றன. அவற்றுக்குக் கிடைத்த கூலியோ மிகச் சிறிது.

ஏர்ட்ஸ்கெபிர்கெக்கு மேற்கே துரிங்கியாக் காட்டுமலையிலே லௌஷா என்னும் ஊர் உண்டு. கன்ஸ் கிரைனர், கிறிஸ்தோப் முல்லர் என்னும் இருவர் 1597இல் அங்கே கண்ணாடி உலை ஒன்றை நிறுவினர். மணலும் விறகும் அங்கே நிரம்பக் கிடைத்தன. பின்வந்தோர் வீட்டு மேசையில் வைத்த விளக்குச் சுவாலையிலே கண்ணாடிக் குழாயை உருக்கி, வாயால் ஊதி, மணிகளும் பொம்மைக் கண்களும் செய்து பிழைத்தனர். மரத்திலே கட்ட அப்பிளும் கொட்டையும் வாங்க வகையற்ற ஓர் ஏழை ஊதுவினைஞன், தன் பிள்ளைகளுக்காக அவற்றைக் கண்ணாடியிலே ஊதினான் என்பது அவ்வூர்ச் செவிவழிக் கதை. கதை எவ்வாறாயினும், 1848ஆம் ஆண்டுக் கணக்கேடு ஒன்றிலே நத்தார் மரக் கோளங்கள் ஆறு டசின் பதிவாகியுள்ளன. லௌஷாவினர் முதலிற் செய்த வடிவங்களுட் பழமும் கொட்டையும் இடம்பெற்றன என்பதும் உண்மை. உண்ணும் கனி இருந்த இடத்திலே உண்ண முடியாத கனி வந்து தொங்கிற்று.

அதே 1848இல், லௌஷாவுக்கு அயலிலுள்ள கோபுர்க்கிலே பிறந்த இளவரசர் அல்பேட், தம் மனைவி விக்டோரியா மகாராணியாரோடும் பிள்ளைகளோடும் அணிசெய்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படம் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அரண்மனை வழக்கத்தைப் பிரித்தானியரும் அமெரிக்கரும் ஆர்வத்தோடு பின்பற்றினர். அணிகளுக்குப் பெருந்தேவை எழுந்தது. கண்ணாடியின்மீது வெள்ளி படியச் செய்யும் முறையை யஸ்டஸ் லீபிக் என்னும் இரசாயன அறிஞர் வகுத்திருந்தார். அம்முறை கோளங்களுக்குக் கண்ணாடிமுக ஒளியைக் கொடுத்தது. 1867இல் லௌஷாவிலே வாயு நிலையம் அமைந்ததும் சுவாலையின் வெப்பத்தை வேண்டியவாறு ஆளமுடிந்தது. கோளங்கள் மெல்லியனவாகவும் பெரியனவாகவும் அமைந்தன.

1880இல் அமெரிக்க வணிகர் வுல்வேத், பென்சில்வேனியாவிலிருந்த தம் கடைக்கு இக்கோளங்களைத் தயங்கித் தயங்கிச் சிறிதளவே வாங்கினார். இரண்டே நாளில் அவை விற்றுத் தீர்ந்தன. 1890இல் அவரே லௌஷாவுக்குச் சென்று பெருந்தொகையாக வாங்கலானார். கடல் கடந்த கடைகளிலே மிகக் குறைந்த விலைக்கு அவை விற்கப்பட்டன. விலை எவ்வாறு அத்துணைக் குறைந்தது என்பதற்கு லௌஷா வீடுகளே விடை கூறின. தந்தை சுவாலையின் முன்னிருந்து ஊதினான். தாய் கோளத்தினுள் வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்கினாள். பிள்ளைகள் நிறம் தோய்த்தனர். காம்பை அறுத்து மூடி பொருத்தினர். அடுக்களையும் படுக்கையறையும் தொழிற்கூடமும் ஒன்றேயாயின. நிறைந்த கூடையை முதுகிற் சுமந்துகொண்டு பெண்கள் சொன்னெபேர்க் நகர வணிகரிடம் மலைவழியே நடந்தனர். நத்தார் நெருங்க நெருங்க இரவும் பகலும் வேலை நடந்தது.

தொழிற்சாலையிலே சிறுவர் வேலையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் ஜேர்மனியில் முன்னரே இருந்தன. ஆனால் அவை வீட்டு வாயிலைத் தாண்டவில்லை. தாய்தந்தையருக்கு உதவுவது வேலையாகுமா என்று வாதிட்டனர். 1903இல் இயற்றப்பட்ட சட்டமே முதன்முறையாக வீட்டுக் கைத்தொழிலிலும் பிள்ளைகளுக்குக் காவல் அளித்தது. மரத்தைக் கொள்ளையிட்டு மகிழ்ந்த பிள்ளையின் வழித்தோன்றல்கள், பிறர் பிள்ளைகளின் மரங்களுக்காகக் கண்விழித்த காலம் அது.

மற்றொரு மாற்றமும் பின்னர் நேர்ந்தது. இரண்டாம் உலகப் போரினால் ஜேர்மானியச் சரக்கு தடைப்படும் என்பதை உணர்ந்த இறக்குமதியாளர் மக்ஸ் எக்கார்ட், நியூயோர்க் மாநிலத்துக் கோர்னிங் கண்ணாடித் தொழிற்சாலையை நாடினார். மின்குமிழ் செய்யும் பொறி 1939இல் கோளங்களைச் செய்யத் தொடங்கிற்று. அடுத்த ஆண்டிலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கோளங்கள் வெளிவந்தன. மூச்சுக்கு மூச்சு ஒன்றாக ஊதிய கைவினைஞன் அதனோடு போட்டியிடுவது எங்ஙனம்? இன்று சீன நாட்டு யிவு நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளிலிருந்து பிளாஸ்ரிக் அணிகள் உலகெங்கும் செல்கின்றன.

எனினும் பழைய வினை அழிந்தொழியவில்லை. லௌஷாவிலே இன்றும் சில குடும்பங்கள் வாயால் ஊதிக் கோளஞ் செய்கின்றன. அக்கலையை ஜேர்மனி 2021இல் தன் மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்தது. ஏர்ட்ஸ்கெபிர்கெச் சுரங்கப் பிரதேசம் 2019இலும், ஜேர்மனி உட்பட ஆறு நாடுகளின் கையாற் கண்ணாடி செய்யும் திறன் 2023இலும் யுனெஸ்கோ நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றன. இப்போது அவற்றை விலை கொடுத்து வாங்குவோர், கைவினை என்பதற்காகவே வாங்குகின்றனர். பசிக்காகச் செய்த தொழில் மதிப்புக்குரிய கலையாக உயர்ந்திருக்கின்றது. அம்மதிப்பு, கூடை சுமந்த பெண்களுக்கும் நிறம் தோய்த்த சிறுவர்க்கும் உரிய காலத்திலே கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் நத்தார் வந்ததும் ரவையும் மரமுந்திரிகைப் பருப்பும் பூசினித் தோசியும் கலந்து, கறுவாவும் கராம்பும் மணக்க வீட்டிலே கேக் செய்கின்றனர். அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, கடதாசியிலே பொதிந்து, சமய வேறுபாடின்றி அயலவர்க்கு அனுப்புகின்றனர். வைக்கோல் பரப்பிப் பாலன் குடில் அமைப்பதிலே பிள்ளைகளுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. இவை விலைப்பட்டியலில் இடம்பெறுவன அல்ல. கடைச்சரக்கைப் போலச் சீராகவும் அமைவதில்லை. ஆயினும் செய்த கை எது என்பதை உண்பவரும் காண்பவரும் அறிவர். கடையிலே வாங்கி மாட்டும் ஒவ்வொரு கோளத்துக்குப் பின்னாலும் அவ்வாறே ஒரு கை இருக்கின்றது. அக்கைக்குரியவரின் வீட்டிலும் பண்டிகை உண்டா என்று கேட்பதற்கு லௌஷாவின் வரலாறு கற்பிக்கின்றது.