கணப்பறையில் படித்த பிரெஞ்சு

பன்றி மேய்க்க முடியாத வயது வந்துவிட்டது, அதனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். 1750இல் பிரான்சின் கிழக்கே, வோஜ் மலையிலுள்ள பான் த லா ரோஷ் கிராமங்களுக்குப் புதிதாகப் போன ஸ்டூபர் பாதிரியாரிடம் உள்ளூர் வாத்தியார் இப்படிச் சொன்னாராம். குடிசைக்குள் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, கிழவர் கட்டிலில் படுத்திருந்தார். என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். ஏன் என்றதற்கு, எனக்கே ஒன்றும் தெரியாதே என்றார். வாய்மாறி வாய்மாறிக் கதைக்குக் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்தக் கிழவரிடம் இருந்த நேர்மையை நான் பார்த்த பல வாத்தியார்களிடம் கண்டதில்லை.

புதுச்சேரியில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். லோட்டோ அட்டை, தாயம் உருட்டிக் காய் நகர்த்தும் வாத்து ஆட்டம், கைதட்டிப் பாட்டு, இவற்றில்தான் என் வகுப்பு ஓடும். "விளையாடறதுக்கா மிஸ் காசு கட்டுறோம்?" என்று கேட்ட அம்மாக்கள் உண்டு. இதெல்லாம் நேற்று வந்த ஃபேஷன் என்பது அவர்கள் நினைப்பு. பிரெஞ்சை விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பதற்கு இருநூற்றைம்பது வருஷத்து வரலாறு உண்டு. அது முழுக்க இனிப்பான வரலாறும் அல்ல.

ஸ்டூபருக்குப் பின் 1767இல் அந்த ஊர்களுக்கு வந்தவர் ழான்-ஃபிரெதெரிக் ஓபர்லின். ஸ்ட்ராஸ்பூரில் பிறந்தவர், அப்போது இருபத்தாறு வயது. வால்டெர்ஸ்பாக், பெல்மோன், பெல்ஃபோஸ், ஃபூதே, சோல்பாக் என்று சரிவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர்கள். மண் ஏழை மண், குளிர்காலம் நீளம். பக்கத்து அல்சாஸ்காரர்கள் பெரும்பாலும் ஜெர்மன் வகையைச் சேர்ந்த மொழி பேசினார்கள். இந்த ஊர்க்காரர்கள் பேசியது பிரெஞ்சுக்குத் தூரத்துப் பங்காளியான ஒரு லொரேன் வட்டார மொழி. பாரிஸ்காரன் வந்தால் அவனுக்கு அது விளங்காது, இவர்களுக்கும் அவன் பேச்சு விளங்காது. சட்டம், வேதம், சந்தைக் கணக்கு எல்லாமே மலைக்கு அந்தப்பக்கத்து மொழிகளில் இருந்தன.

ஓபர்லின் கண்டுபிடித்த வழி என்று புத்தகங்கள் எழுதுவதை உண்மையில் தொடங்கிவைத்தவள் பெல்மோனைச் சேர்ந்த சாரா பான்ஸே என்ற பெண். ஊர்ப் பிள்ளைகளைத் தன் வீட்டில் உட்காரவைத்துக் கம்பளிநூல் பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். காசு வராத வேலையில் பெண் நேரத்தைக் கழிக்கிறாளே என்று அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. செய்தி கேட்ட ஓபர்லின் நேரே அந்த அப்பாவிடம் போய்ப் பேசி, அவளைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். 1770 வாக்கில் இப்படி உருவானவைதான் 'பின்னல் கணப்பறைகள்'. அந்த மலைவீடுகளில் அடுப்பு போட்டுச் சூடாக்கிய அறை ஒன்றுதான் இருக்கும். பள்ளிக்கூடம் அந்த அறையிலேயே நடந்தது. சாரா 1774இல், முப்பது வயதைத் தொடாமலே இறந்துபோனாள். அவளுக்குப் பின் வேறு பெண்கள் வந்தார்கள். அவர்களில் பெயர் வாங்கியவள் லூயிஸ் ஷெப்லேர். ஓபர்லின் வீட்டில் வேலைக்கு வந்த பெல்ஃபோஸ் ஊர்ப் பெண் அவள். 1829இல் பிரெஞ்சு அகாதெமி அவளுக்கு நற்செயலுக்கான மோந்தியோன் பரிசைக் கொடுத்தது.

அந்த அறையில் நடந்ததைப் பார்க்கும்போது எனக்குத் தொழில்முறைப் பொறாமையே வருகிறது. பெரிய பிள்ளைகள் கையில் பின்னல் ஊசி ஓடும், சின்னவர்கள் விளையாடுவார்கள். நடுநடுவே ஊசியைக் கீழே வைக்கச் சொல்லி ஒரு படம் காட்டப்படும்: விலங்கு, செடி, வேதக்கதைக் காட்சி. பெயர் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, கதை சொல்லி, பாட்டுப் பாடி, மறுபடி பின்னல். வெயில் அடித்தால் வெளியே போய்ச் செடி பறிப்பது. தங்கள் ஊர், பக்கத்து ஊர் என்று தொடங்கும் வரைபடங்களும் இருந்தன. வால்டெர்ஸ்பாக்கில் இன்று ஓபர்லின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் காய்ந்த செடித் தொகுப்புகளையும் மரத்தில் செய்த விளையாட்டுப் பொருள்களையும் பார்க்கலாம்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது படங்களை அல்ல, படத்தைக் காட்டிய ஆளை. அந்தப் பெண்கள் அதே ஊர்க்காரிகள். பிள்ளை தன் வீட்டு மொழியில் எதையாவது உளறினால் அவர்களுக்குப் புரியும், புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொல்வார்கள். என் வகுப்பிலும் கத்தரிக்காய்ப் படம் வந்தால் முதலில் "கத்திரிக்கா!" என்று கத்துவார்கள், பிறகு 'ஒபெர்ழின்' வரும். அந்தக் கத்தலைத் தடுத்திருந்தால் அடுத்த சொல் வந்திருக்காது.

ஆனால் ஓபர்லினின் நோக்கம் அந்த வட்டார மொழியைக் காப்பது அல்ல, மெல்லக் கரைப்பது. வேடிக்கை என்னவென்றால், அவருடைய அண்ணன் ஜெரெமி-ழாக் 1775இல் அதே மொழியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். தம்பி கரைத்ததை அண்ணன் ஏட்டில் பதிந்துவைத்தார். புரட்சி வந்தது. 1794 ஜூனில் கிரெகுவார் பாதிரியார் தேசிய மாமன்றத்தில் தம் அறிக்கையைப் படித்தார். அறுபது லட்சம் பேருக்காவது பிரெஞ்சு தெரியவே தெரியாது, சுத்தமாகப் பேசுகிறவர்கள் முப்பது லட்சத்துக்கு மேல் இல்லை, ஆகவே வட்டார மொழிகளை ஒழிக்க வேண்டும் என்றது அறிக்கை. ஓபர்லினை நேரில் பார்த்துப் பழகியவர்தான் அவரும். அதே வருஷம் ஓபர்லினுக்கும் ஸ்டூபருக்கும் பிரெஞ்சைப் பரப்பியதற்காக மாமன்றம் பாராட்டுத் தெரிவித்தது. கணப்பறைப் பாட்டும் படமும் அரசுக் கொள்கைக்கு அழகாகப் பொருந்திவிட்டன.

அடுத்த நூற்றாண்டை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 1820களின் இறுதியில் பாரிஸில் ஏழைப் பிள்ளைகளுக்குக் காப்பிடங்கள் திறந்தார்கள். படிப்படியாக உயரும் பலகைகளில் கூட்டமாக உட்காரவைத்து, மரக்கட்டையைத் தட்டித் தட்டி எழுந்திரு, உட்கார் என்று நடத்தினார்கள். விளையாட்டு காணாமல் போனது. 1881 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஆணையால் அவை 'எக்கோல் மத்தெர்னெல்', அதாவது மழலையர் பள்ளிகள், ஆயின. அந்தக் காலத்துத் தலைமை ஆய்வாளர் போலீன் கெர்கொமார் அம்மையார் அந்தப் பலகைகளோடு வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுதான் வேலை என்பது அவர் கட்சி. நான் வணங்குகிற ஒரே ஆய்வாளர் அவர்தான்.

அதே காலத்தில் மேற்கே, பிரெத்தாஞ் பகுதியில், வேறொன்று நடந்தது. அங்கே பிள்ளைகள் பேசியது பிரெத்தோன். பிரெஞ்சுக்கு அது நெருங்கிய உறவு இல்லை, கெல்ட் குடும்பம். இரேனே காரே என்ற ஆய்வாளர் 1888இல் அங்கே பிரெஞ்சு கற்பிக்கும் முறையை எழுதினார். தாய் குழந்தைக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுப்பது போல, பொருளைக் காட்டு, செய்து காட்டு, பிரெத்தோனில் ஒரு சொல்லும் வேண்டாம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. தாய் மாதிரி என்று சொல்லிவிட்டுத் தாயின் பேச்சை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டார்.

வகுப்புக்கு வெளியே இன்னொரு 'ஆட்டம்' இருந்தது. பிரெத்தோனில் பேசி மாட்டிக்கொண்ட பிள்ளையின் கழுத்திலோ கையிலோ பழைய மரச்செருப்பு, மரத்துண்டு, ஏதாவது ஒன்றை மாட்டிவிடுவார்கள். பேர் 'சேம்போல்', சில ஊர்களில் 'பசுமாடு'. அதைக் கழற்ற ஒரே வழி, பிரெத்தோன் பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்து அவனிடம் தள்ளிவிடுவது. சாயந்திரம் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. பியேர்-ழாக்கேஸ் எலியாஸ் 1975இல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் கதையில் இந்தப் பசுமாட்டை எழுதியிருக்கிறார். விதிமுறையைப் பார்த்தால் அசல் சிறுபிள்ளை விளையாட்டுதான்: தொடு, தள்ளு, தப்பி ஓடு. சேக்காளியை உளவு பார்க்கப் பழக்குகிற விளையாட்டு. 'தமிழில் பேசினால் அபராதம்' என்று எழுதி மாட்டிய ஒரு பள்ளியில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். இடைவேளையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மாட்டிவிட்டார்கள். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, விதியே சொல்லிக்கொடுத்தது.

பிரெத்தோன்காரர்கள் பிறகு அதே ஆயுதத்தைத் திருப்பிப் பிடித்தார்கள். 1951 ஜனவரியில் வந்த தெக்ஸோன் சட்டம் பிரெத்தோன், பாஸ்க், கத்தலான், ஒக்சித்தான் மொழிகளைப் பள்ளிக்குள் கொஞ்சம் அனுமதித்தது. 1977இல் திவான் என்ற அமைப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய மழலைகளோடு முதல் பள்ளியைத் திறந்தது. பாட்டு, கதை, மணல், பொம்மை எல்லாம் பிரெத்தோனில். பல பிள்ளைகளுக்கு வீட்டு மொழி இப்போது பிரெஞ்சு, பள்ளி மொழிதான் தாத்தாவின் மொழி. ஆட்டத்தில் இருபக்கமும் இடம் மாறிவிட்டன. ஒரு மொழிக்குள்ளேயே முழுக்க மூழ்கவைக்கும் முறை மட்டும் காரே வகுத்ததுதான்.

2021 ஏப்ரலில் பிரெஞ்சு நாடாளுமன்றம் வட்டார மொழிகளுக்கு ஆதரவான சட்டமொன்றை நிறைவேற்றியது. மே 21ஆம் தேதி அரசமைப்பு மன்றம் அதிலிருந்து மூழ்குமுறையை அனுமதிக்கும் பிரிவை நீக்கியது. குடியரசின் மொழி பிரெஞ்சு என்று சொல்லும் அரசமைப்பின் 2ஆம் பிரிவுக்கு அது முரண் என்பது தீர்ப்பு.