அடைக்கூடை

எங்கள் அப்பத்தா அடை வைக்கும் கூடையில் மணலும் வைக்கோலும் இருக்கும், முட்டை ஒற்றைப்படையில்தான். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று இரும்புத் துண்டு, கரி, வரமிளகாய் மூன்றையும் ஓரத்தில் செருகுவார். மிளகாய் இடியை என்ன செய்யுமோ, கேட்டால் திட்டுதான் விழும். ஏழாம் நாள் இருட்டறையில் முட்டையை விளக்குக்கு எதிரே பிடிப்பார். கரு கூடியிருந்தால் சிலந்திக் கால்போல் செந்நரம்பு ஓடும், இல்லாதது குழம்புக்கு. 21 நாளில் குஞ்சு. கோழியே வாத்து முட்டைக்கும் அடை படுக்கும். அதற்கு 28 நாள்.

பிறகு வெள்ளை லெகார்ன் வந்தது. அடை படுத்த கோழி முட்டையிடாது என்பதால், அந்தக் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்து உருவாக்கிய இனம் அது. பொரிக்கும் வேலை இன்குபேட்டருக்குப் போனது. நாமக்கல் பண்ணைக் கோழிகளுக்கு அடைக்கூடையே தெரியாது. நாட்டுக்கோழி வளர்ப்பவர்களே, நன்றாக அடை படுக்கும் பெட்டையைக் கறிக்கு விற்றுவிடாதீர்கள்.